உயிரைப் பணயம் வைப்பவர் யார்?



விளையாட்டு வீரர்களுக்குக் கோடி கோடியாக ஊதியம் தருவது முறையா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பதில் தவறாமல் வந்துவிடுகிறது: "அவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஆடுகிறார்கள்." நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பந்து வருகிறது, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் பாய்கிறது என்று காரணமும் சொல்கிறார்கள். இந்தப் பதிலை நான் ஒதுக்கித் தள்ளப் போவதில்லை. உயிரைப் பற்றிய வாதம் எதுவானாலும் நின்று கேட்கத்தான் வேண்டும். அது எந்த அளவுக்கு உண்மை, யாருக்கு உண்மை என்று கணக்குப் பார்ப்பதே இன்றைய உரை. வேலையிடத்தில் நேரும் சாவுகளைப் பற்றிப் படித்தும் எழுதியும் வருகிறவன் நான். கிரிக்கெட்டை விடாமல் பார்க்கிறவனும்கூட. அதனால்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

எல்லோரும் அறிந்த ஒரு சாவிலிருந்து தொடங்குகிறேன். 2014 நவம்பர் 25, சிட்னி கிரிக்கெட் மைதானம், ஷெஃபீல்டு ஷீல்டு போட்டி. தெற்கு ஆஸ்திரேலியாவுக்காக ஆடிக்கொண்டிருந்த பிலிப் ஹியூஸ் 63 ஓட்டங்கள் எடுத்திருந்தார். ஷான் அபாட் வீசிய பவுன்சரை அடிக்கப் போனார். மட்டை முந்திவிட்டது. பந்து இடக் காதுக்குக் கீழே, ஹெல்மெட் மறைக்காத கழுத்தில் பட்டது. ஒரு கணம் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றவர் அப்படியே முகம் குப்புற விழுந்தார். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்து, மூளையைச் சுற்றி இரத்தம் பரவிவிட்டது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 27 அன்று இறந்தார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 26 வயது நிறைந்திருக்கும். இப்படிப்பட்ட காயம் மருத்துவ ஏடுகளில் நூறு முறை போலத்தான் பதிவாகியிருக்கிறது, கிரிக்கெட் பந்தால் நேர்ந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் என்று ஆஸ்திரேலிய அணியின் மருத்துவர் பீட்டர் புரூக்னர் அப்போது விளக்கினார்.

அந்தச் சாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த உரை முழுவதற்கும் அதுதான் அளவுகோல். முதலில் கிரிக்கெட் ஆஸ்திரேலியா, டேவிட் கர்ட்டன் என்ற மூத்த வழக்கறிஞரைக் கொண்டு தனி விசாரணை நடத்தி 2016 மே மாதம் அறிக்கையை வெளியிட்டது. பிறகு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சாவு விசாரணை நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் பொது விசாரணை நடத்தியது. சக வீரர்கள், நடுவர்கள், மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். அன்று வீசப்பட்ட 23 பவுன்சர்களில் 20 ஹியூஸுக்கு வீசப்பட்டவை என்பது வரை எண்ணிப் பார்த்தார்கள். ஆம்புலன்சை அழைத்தவர் என்ன சொன்னார், அழைப்பில் ஏன் தாமதம் ஆனது, மைதானத்துக்குள் வண்டி எந்த வழியாக வந்தது, ஒவ்வொன்றும் விசாரிக்கப்பட்டது. விசாரணை அதிகாரி மைக்கேல் பார்ன்ஸ் யார்மீதும் பழி இல்லை என்று தீர்ப்பளித்தார். அத்தோடு விட்டுவிடவில்லை. கழுத்துக் காப்பை மேம்படுத்தச் சொன்னார்; ஆட்டம் தொடங்கும் முன் நடுவர்களுக்கு அவசர மருத்துவ ஏற்பாடுகளை விளக்கச் சொன்னார். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கும் விதியைச் சர்வதேச கிரிக்கெட் குழு 2019 ஆகஸ்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது கழுத்துக் காப்பு அணிவதை 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது. அது தனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவந்த ஸ்டீவ் ஸ்மித்தும் அணிந்தே தீர வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு சாவு. இரண்டு விசாரணைகள், இரண்டு அறிக்கைகள், விதி மாற்றம், கருவி மாற்றம். ஹியூஸின் குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பில் மனக்குறை இருந்தது. அது வேறு. ஒரு சமூகம் ஒரு சாவை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டிலேயே எல்லாச் சாவும் இப்படி எடுத்துக்கொள்ளப்பட்டதா? இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய ரமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில், அபஹானி கிளப்புக்காகக் கூலிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்றவரின் தலையில் பந்து பட்டுத் தெறித்து, விக்கெட் கீப்பர் கையில் கேட்சாகப் போனது. அந்த ஓவரில் சில பந்துகளே மீதமிருந்ததால் ஹெல்மெட் வேண்டாம் என்றார் எனச் சொல்வார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். வயது 38. அவர் பெயரை இன்றைய ரசிகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? உலகம் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் இல்லை அது.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு வேலை எவ்வளவு ஆபத்தானது என்று அறிய, அந்த வேலையில் உள்ள ஒரு லட்சம் பேரில் ஓராண்டில் எத்தனை பேர் வேலையிடத்தில் இறக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். இந்தக் கணக்கை ஒழுங்காக வெளியிடும் நாடுகளில் அமெரிக்கா ஒன்று. 2022இல் அங்கே வேலையிடத்தில் 5,486 பேர் இறந்தார்கள். எல்லாத் தொழிலுக்கும் சேர்த்த விகிதம் லட்சத்துக்கு 3.7. காட்டில் மரம் வெட்டுபவர்களுக்கு மட்டும் அது 100.7. கூரை வேய்பவர்களுக்கு 57.5. மீன்பிடி, வேட்டைத் தொழிலாளர்களுக்கு 50.9. அந்நாட்டின் தேசிய அளவிலான கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் வீரர்களை எடுத்துக்கொண்டால், ஆட்டத்தில் நேரும் சாவு இந்த எண்களின் அருகில்கூட வராது.

ஆனால் ஒரு விளையாட்டின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. ஃபார்முலா ஒன் பந்தயம். 1994 ஏப்ரல் 30 அன்று இமோலாவில் ரோலண்ட் ராட்சென்பெர்கரும், மறுநாள் அதே களத்தில் அயர்ட்டன் சென்னாவும் இறந்தார்கள். அதன் பிறகு கார், தடம், ஹெல்மெட், மருத்துவக் கார் எல்லாம் மாற்றியமைக்கப்பட்டன. 1995 முதல் 2024 வரையிலான முப்பது ஆண்டுகளில் கிராண்ட் பிரீ பந்தயத்தில் அடிபட்டு இறந்த ஓட்டுநர் ஒருவர்தான்: 2014இல் சுசூகாவில் விபத்துக்குள்ளாகி 2015 ஜூலையில் இறந்த ஜூல்ஸ் பியாங்கி. ஆண்டுக்கு இருபது சொச்சம் ஓட்டுநர்கள் என்று கொண்டு நானே போட்ட கணக்கில் லட்சத்துக்கு ஏறத்தாழ 150 வருகிறது. மரம் வெட்டுபவரின் விகிதத்தை அது தாண்டிவிடுகிறது. எண்ணிக்கை சிறிது என்பதால் அந்த ஒரு சாவு நேராதிருந்தால் விகிதம் சுழியாகியிருக்கும் என்பதும் உண்மை. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமன் குரோஜானின் கார் தடுப்புக் கம்பியைப் பிளந்து இரண்டாகித் தீப்பற்றியது. அவர் எரியும் காரிலிருந்து தானாக ஏறி வெளியே வந்தார். 2018இல் பல ஓட்டுநர்களும் ரசிகர்களும் அழகைக் கெடுக்கிறது என்று எதிர்த்த 'ஹேலோ' என்ற தலைக் காப்பு வளையம்தான் அவர் தலையைக் காத்தது.

குத்துச்சண்டையையும் சாலை மோட்டார் சைக்கிள் பந்தயத்தையும் நான் இதைவிடக் கடுமையாகப் பார்க்கிறேன். மான் தீவில் நடக்கும் டி.டி. பந்தயம் 1911 முதல் ஓடும் மலைத் தடத்தில் 250 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். குத்துச்சண்டையில் எதிராளியின் மூளையைக் கலங்கச் செய்வதும் வெற்றிக்கு ஒரு வழி. 1982இல் லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் மோதிய கொரியர் கிம் டுக்-கூ பதினான்காம் சுற்றில் விழுந்து சில நாளில் இறந்தார். அதன் பிறகே உலக குத்துச்சண்டைக் குழு பதினைந்து சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது. இந்த விளையாட்டுகளில் இருப்பவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்று சொன்னால் நான் தலைவணங்கி ஏற்கிறேன்.

மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் நிலைமை என்ன? வீரர்கள் நம்மைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1947 முதல் 2012 வரை பங்கேற்ற 786 பிரெஞ்சு வீரர்களை ஆராய்ந்தபோது, சாதாரணப் பிரெஞ்சு ஆண்களைவிட அவர்களின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் ஓய்வுபெற்ற 3,439 பேரை அந்நாட்டின் தொழிலிட நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்தது. பொதுக் கணக்கின்படி 625 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்திருந்தவர்கள் 334 பேர். அந்த ஆராய்ச்சியைக் கேட்டு வாங்கியது வீரர்களின் சங்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட முடியாது. அதே அமெரிக்க வீரர்களிடம் மூளை சிதையும் நோய்களால் வரும் சாவு பொது மக்களைப் போல மூன்று மடங்கு. ஸ்காட்லாந்தின் பழைய கால்பந்து வீரர்கள் 7,676 பேரை கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவும் அதுபோலத்தான்: மற்றவர்களைவிட மூன்று ஆண்டுக்கு மேல் கூடுதலாக வாழ்கிறார்கள், ஆனால் மூளைச் சிதைவால் இறப்பது மூன்றரை மடங்கு. இதயம் நன்றாகத் துடிக்கிறது, பெற்ற பிள்ளையின் பெயர் நினைவில் இல்லை. இது களத்தில் விழும் சாவு இல்லை. தொலைக்காட்சி படம்பிடிக்க முடியாதது. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் தங்கள் லீக்மீது வழக்காடி இழப்பீடு பெற்றபோதுகூட, கறுப்பின வீரரின் அறிவுத்திறன் முதலிலேயே குறைவாக இருந்திருக்கும் என்று வைத்து மதிப்பிடும் முறை அதற்குள் இருந்தது. அதனால் அவர்கள் பாதிப்பை நிரூபிப்பது கடினமாயிற்று. 2021இல்தான் அதைக் கைவிடுவதாக லீக் ஒப்புக்கொண்டது. ஆபத்து எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை என்பதைக் கோடீசுவர விளையாட்டுக்குள்ளேயே பார்க்கிறோம்.

இப்போது நம் ஊர்த் தெருவுக்கு வருகிறேன்.

பாதாளச் சாக்கடையில் அடைப்பு. மூடியைத் திறந்து ஒருவர் இறங்குகிறார். உள்ளே அழுகிய கழிவிலிருந்து எழுந்த ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கிறது. அது காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில்தான் கிடக்கும். அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளியில் படித்தோம். குறைந்த அளவில் இருந்தால்தான் அந்த நாற்றம் தெரியும். பத்து லட்சம் பங்கில் நூறு பங்கைத் தொட்டுவிட்டால் மூக்கின் உணர்வு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும் நேரம்தான் மிகவும் கொடிய நேரம். அளவு எழுநூறு, எண்ணூறு என்று ஏறினால் இரண்டு மூச்சில் நினைவு தப்பும். மேலே நிற்பவர் எட்டிப் பார்க்கிறார். தம்பியோ, மைத்துனரோ, கூட வந்த நண்பரோ கீழே மயங்கிக் கிடக்கிறார். பதறி இறங்குகிறார். அவரும் விழுகிறார். "விஷவாயு தாக்கி இருவர் பலி", "மூவர் பலி" என்று நாளிதழில் வரும் செய்திகளில் ஒருவருக்கு மேல் இறந்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பாசம்தான். இறங்குமுன் வாயுவை அளக்கும் கருவி, காற்றுக் குழாய் இணைத்த முகமூடி, இடுப்பில் கயிறு, மேலே முக்காலியும் சுழல் உருளையும் இருந்தால் போதும், இரண்டாமவர் இறங்க வேண்டிய தேவையே வராது. இவற்றில் எதுவும் அரிய தொழில்நுட்பம் இல்லை.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 9ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. கேரளத்து இளம் பொறியாளர்கள் குழிக்குள் இறங்கி வேலை செய்யும் 'பேண்டிகூட்' என்ற எந்திரத்தை 2018இலேயே களத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு 2019 முதல் 2023 வரை 377 பேர் இறந்ததாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அரசின் மதிப்பீட்டில் நாடு முழுவதும் இந்த வேலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஆண்டுக்கு லட்சத்தில் எழுபத்தைந்து. அமெரிக்காவின் கூரை வேய்பவரை விட மேலே, மரம் வெட்டுபவருக்குக் கீழே. செத்தவர்களில் பலர் அன்றைக்கு மட்டும் கூப்பிடப்பட்ட கூலிகள், எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள் என்பதால் இந்தக் கணக்கையும் நான் முழுதாக நம்புவதில்லை. 1993 முதல் சேர்த்துப் பார்த்தால் தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையத்தின் பட்டியலில் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது. இதை வெட்கத்தோடு சொல்கிறேன். பதிவு செய்யப்பட்ட முப்பத்தெட்டாயிரம் தொழிலாளரில் 92 விழுக்காட்டினர் பட்டியலின, பழங்குடி, பிற்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். யார் இறங்குவார் என்பது பிறப்பிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

நம் நாட்டிலும் இயற்கைக்கு மாறான சாவு ஒவ்வொன்றுக்கும் காவல்துறை விசாரணை உண்டு. அந்த அறிக்கை காவல் நிலையக் கோப்பில் தூங்குகிறது. அன்று எத்தனை மணிக்கு மூடி திறக்கப்பட்டது, வாயுவை அளந்தார்களா, இறக்கியவர் யார், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்று சிட்னியில் பவுன்சரை எண்ணியதுபோல நம்மூரில் எண்ணி, மக்கள் படிக்க வெளியிட்ட அறிக்கை ஒன்று என் கைக்கு வந்ததில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் அதே முறையில் சாகிறார்கள். முதல் சாவு கற்றுக்கொடுத்ததை நூறாவது சாவு வரை யாரும் எழுதி வைக்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். புகையைப் பார்த்து உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களில் பலர். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோனது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம். அதற்கு முன்னும் பின்னும் இடைவிடாமல் சிறுசிறு விபத்துகள். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி இருக்கிறது. உரிமம் பெற்றவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறார். எடுத்தவர் போட்ட காசை மீட்க ஆளையும் மருந்தையும் கூட்டுகிறார். தீபாவளி நெருங்க நெருங்க மரத்தடியிலும் வேலை நடக்கிறது. கூலி, செய்த அளவுக்கு. ஆகவே கை வேகம் கூடுகிறது, மருந்து உராய்கிறது. காரணம் உராய்வு என்று விசாரணை முடியும். அந்த உராய்வுக்குக் காரணமான குத்தகையைப் பற்றி எழுதுவோர் குறைவு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் சிக்கிய கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களின் கதையும் இதே போன்றதே. ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரும் கருவி படகில் இல்லை.

விளையாட்டு ஓர் உலகம், இந்தத் தொழிலாளர்கள் வேறோர் உலகம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் ஒரே மண்ணில் நிற்கும் இடங்கள் உண்டு. 1995இலிருந்து ஃபார்முலா ஒன்னில் இறந்த ஓட்டுநர் ஒருவர் என்றேன். அதே காலத்தில் 2000இல் மோன்சாவிலும், 2001இல் மெல்பர்னிலும், 2013இல் மான்ட்ரியலிலும் தடத்தின் ஓரத்தில் பணியாற்றிய மூன்று மார்ஷல்கள் இறந்திருக்கிறார்கள். கொடி காட்டவும், தீ அணைக்கவும், உடைந்த காரை அகற்றவும் நிற்கிற அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத ஆர்வலர்கள். எவரெஸ்டில் 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்து இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மலையேற வந்தவர்களின் மூட்டையையும் கயிற்றையும் மேலே கொண்டுபோனவர்கள். இறுதிச் சடங்குக்கு என்று நேபாள அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் அந்தப் பருவத்தில் இனி ஏற மாட்டோம் என்று நின்ற பிறகுதான் காப்பீட்டுத் தொகை உயர்ந்தது.

கத்தாரைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். வெப்பம், ஈரப்பதம், காற்று, நேர் வெயில் எல்லாவற்றையும் சேர்த்து உடலுக்கு எவ்வளவு சூடு ஏறும் என்று காட்டும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால் கால்பந்தாட்டத்தை நடுவே நிறுத்தி வீரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டு நெறி. 2014 பிரேசில் உலகக் கோப்பையின்போது அந்த இடைவேளையைத் தந்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது ஒரு தொழிலாளர் நீதிமன்றம். கோடிகளில் ஊதியம் பெறும் வீரர்களையும் அந்த நீதிமன்றம் தொழிலாளியாகத்தான் பார்த்தது, சரியாகவே பார்த்தது. 2022 உலகக் கோப்பை கத்தாருக்கு 2010இல் கொடுக்கப்பட்டது. கோடை வெயிலில் வீரர்கள் ஆட முடியாது என்று, வழக்கமாக ஜூன் ஜூலையில் நடக்கும் போட்டியையே நவம்பருக்குத் தள்ளினார்கள். ஐரோப்பிய லீக்குகளின் கால அட்டவணை முழுவதும் அதற்காக மாறியது. அந்தக் கோடைகளில் எல்லாம் அரங்கங்களையும் மெட்ரோவையும் சாலைகளையும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நேபாளத்தவர், வங்கதேசத்தவர், இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கையர். நம் மாவட்டங்களிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. நண்பகல் நேரத் தடை அவர்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்ற விதி அங்கே வந்தது 2021 மே மாதத்தில். போட்டி கைக்கு வந்து பதினோராவது ஆண்டில், அரங்கங்கள் பெரும்பாலும் எழுந்து நின்ற பிறகு. இருவர் உடலும் ஒரே சூட்டில்தான் தளர்கிறது. விதியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் சொல்கிறது. ஒருவருக்கு அது முன்கூட்டியே கிடைத்தது, மற்றவருக்கு வேலை முடிந்த பிறகு. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் உடன்பாடு இல்லை. அரங்கக் கட்டுமானத்தில் வேலை காரணமாக இறந்தவர் மூவர் என்றது போட்டி ஏற்பாட்டுக் குழு. போட்டி தொடர்பான எல்லா வேலைகளிலும் நானூறு முதல் ஐந்நூறு பேர் வரை என்று அதன் தலைமைச் செயலரே 2022 நவம்பரில் தொலைக்காட்சியில் சொன்னார். மூன்றுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே இத்தனை தூரம் இருப்பதே, அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக யாரும் விசாரிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

"அவர்கள் விரும்பித்தானே அந்த வேலைக்குப் போனார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. வீரரும் விரும்பித்தான் ஆட வருகிறார். ஆனாலும் தலையில் பந்து பட்டவரிடம் "தொடர்ந்து ஆடுகிறாயா?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலை மட்டும் நம்புவதை இன்று கிரிக்கெட் நிறுத்திவிட்டது. அவர் ஆடத் துடிப்பார் என்று தெரியும். எனவே மருத்துவர் முடிவு செய்கிறார். அவருடைய விருப்பத்திலிருந்தே அவரைக் காக்கிற ஏற்பாடு இது. குழியில் இறங்குபவரின் விருப்பத்தை நாம் அப்படி ஆராய்வதில்லை. இறங்கினால் அன்றைய கூலி, மறுத்தால் நாளை முதல் வேறு ஆள். அபாயகரமான செயல்முறைகள் கொண்ட தொழிற்சாலைகளில் உடனடி ஆபத்தைக் கண்ட தொழிலாளி அதைச் சுட்டிக்காட்ட உரிமை உண்டு என்று போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள். தெருவில் இருக்கும் சாக்கடைக் குழி தொழிற்சாலை ஆகாது.

வீரர்களின் ஊதியத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. அவர்களுடைய திறமைக்கும், அவர்களைப் பார்க்கத் திரளும் கூட்டத்துக்கும் கிடைக்கிற பணம் அது. ஆபத்துக்கான கூலி என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆபத்துக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால் சம்பளப் பட்டியல் தலைகீழாக இருந்திருக்கும். விளையாட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. "இந்த வேலை அப்படித்தான், என்ன செய்வது?" என்ற பேச்சு பொய் என்பதை விளையாட்டு நிரூபித்துக் காட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் கார்ப் பந்தயமும் அப்படித்தான் என்றே பேசப்பட்டது. பார்க்கும் கண்கள் இருந்தன, சாவுக்குப் பிறகு கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கோ இருந்தது, விடை பொதுவில் வைக்கப்பட்டது. சாவுகள் குறைந்தன.

இந்த அரங்கில் சட்டம் பயிலும் மாணவர்களும் சமூகப் பணி பயிலும் மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன். உங்கள் சொந்த மாவட்டத்தில் 2014க்குப் பிறகு கழிவுநீர்க் குழியிலும் தொட்டியிலும் நேர்ந்த ஒவ்வொரு சாவுக்கும் மூன்று தாள்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்: முதல் தகவல் அறிக்கை, விசாரணை அறிக்கை, இழப்பீட்டு ஆணை. முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டத்தின் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா, அல்லது கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். தகவல் ஆணையம் வரை போங்கள். கிடைத்த தாள்களில் குடும்பத்தாரின் முகவரியை மறைத்துவிட்டு, மாவட்டவாரியாகக் கட்டி இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் வையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு கல்வியாண்டில் ஒரு மாவட்டத்தை முடிக்கலாம். வழிகாட்ட நான் வருகிறேன். அஞ்சல் செலவை ஏற்குமாறு இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.